மாமியும் ஏறிய ஜானவாசக் கார்

ஜானவாசம் என்றால் நமக்கெல்லாம் முதலில் ஞாபகம் வருவது அந்தத் திறந்த கார்தான். நாதஸ்வரம் முன்னே போக, நடுவில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை, சுற்றிலும் நண்டும் சிண்டுமாகக் குழந்தைகள். மணப்பெண் மட்டும் சத்திரத்து ஜன்னலில்!

அப்படி வந்தவற்றில் பல அமெரிக்க வண்டிகள். 1928 முதலே பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் செவர்லே கார்களைப் பூட்டி விற்றது. 1947 முதல் பிரீமியர் கம்பெனி டாட்ஜ், பிளிமத் கார்களைத் தந்தது.

அரக்கோணத்தில் எங்கள் தெரு மாமிக்கு இதில் தீராத குறை. "உங்க மாமா ஜம்முனு கார்ல வந்தார். நான் ஒரு நாள் ஏறினதில்லேடி!" மாமாவின் சதாபிஷேகத்துக்குப் பிள்ளைகள் சென்னையிலிருந்து பிளிமத் ஒன்றை வாடகைக்குப் பேசினார்கள். திருத்தணிவரை போய்வர.

நீங்களும் பேசப்போகிறீர்களா? கார் காலியாக வந்து திரும்பும் பெட்ரோல் யார் தலையில் என்று முன்பே கேளுங்கள். இன்ஷூரன்ஸ் இருக்கிறதா பாருங்கள். வெயிலுக்குமுன் கிளம்புங்கள்; கிழட்டு ரேடியேட்டர் கொதித்துவிடும். சீட் பெல்ட் கிடையாது. ஆகவே கைக்குழந்தையோடு ஏறவே வேண்டாம், எவ்வளவு ஆசையானாலும் சரி. மலையேற்றமும் வேண்டாம். இவர்கள் அடிவாரத்தில் இறங்கி வேறு வண்டியில்தான் சந்நிதிக்குப் போனார்கள்.

அன்று காலை மாமா பழைய நினைப்பில் சீட்டின் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சம் நகருங்கோ," என்றார் மாமி.