வளையும் விளக்கு, புலனாகாத ஒளி

இருட்டில் கைவிளக்கின் முகப்பை விரல்களால் மூடிப் பாருங்கள். விரல்கள் சிவந்து தெரியும். மற்ற நிறங்களைத் தசையும் இரத்தமும் பெரும்பாலும் உட்கவர்ந்துவிட, சிவப்பு மட்டும் ஊடுருவி வருகிறது. சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்கள் உள்ளன. வில்லியம் ஹெர்ஷல் 1800-இல் கண்டறிந்த இக்கதிர்களில் சிவப்பை அடுத்துள்ளவை இன்னும் ஆழமாகச் செல்லும்.

ஆக்சிஜன் ஏற்ற ஹீமோகுளோபின் சிவப்பொளியைக் குறைவாகவும், அகச்சிவப்பை மிகுதியாகவும் உட்கவரும். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினோ இதற்கு நேர்மாறு. இரண்டு ஒளிகளையும் விரலில் செலுத்தி ஒப்பிட்டால், ஊசி குத்தாமலே ஆக்சிஜன் அளவு தெரிந்துவிடும்! ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி 1974-இல் அறிவித்த முறை இது.

ஆனால் விரலில் இரத்த ஓட்டம் குன்றிய நோயாளிக்கு என்ன செய்வது? நெற்றியில் ஒட்டலாம் என்றால், வழக்கமான குறைக்கடத்தி விளக்குகள் வளையாதவை. இங்குதான் கரிமச் சேர்மங்கள் கைகொடுக்கின்றன. அவற்றை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மை போல் அச்சிடலாம். 2018-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4 சிவப்பு, 4 அகச்சிவப்புக் கரிம விளக்குகளையும் 8 ஒளி உணரிகளையும் இவ்வாறு அச்சிட்டு, நெற்றியிலிருந்து திரும்பி வரும் ஒளியைக் கொண்டே ஆக்சிஜனை அளந்தனர்.

இதே ஒளியில் விரலின் சிரைகள் கருங்கோடுகளாகத் தெரியும். அக்கோலம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் ஆளை அடையாளம் காணவும் உதவுகிறது.

ஒரு தடை உண்டு. அகச்சிவப்பை உமிழும் மூலக்கூறுகளில் ஆற்றல் இடைவெளி சிறியது. எனவே ஆற்றலின் பெரும்பகுதி ஒளியாகாமல், மூலக்கூறின் அதிர்வுகளில் வெப்பமாக வீணாகிறது. அந்த அதிர்வை அடக்கும் மூலக்கூறு எது? வேதியியலார் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.