வெற்றுக் கோப்பும் பழவேற்காட்டுப் பாடும்

வலைத்தளம் நடத்தும் மென்பொருளின் உள்ளே புகுந்து பார்த்தால், பல கோப்புறைகளில் ‘இண்டெக்ஸ்’ என்ற பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு கிடக்கும். திறந்தால் ஓர் எழுத்துகூட இராது. குப்பை என்று அழித்தாலும் தளம் வழக்கம்போல் ஓடும். ஆனால் சில சர்வர்களில் அந்தக் கோப்புறையில் இருப்பதெல்லாம் வருகிறவர் போகிறவர் கண்ணில் படத் தொடங்கிவிடும். அந்தப் பட்டியலை மறைப்பதுதான் அதன் வேலை. பழவேற்காடு ஏரியின் பாடு முறையை ‘பழைய ஊர்க்கட்டுப்பாடு’ என்று ஒதுக்குகிறவர்களும் இப்படியொரு கோப்பைத்தான் அழிக்கப் பார்க்கிறார்கள்.

சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இறால் குஞ்சாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, வற்றத்து நீரோடு முகத்துவாரம் வழியே கடலுக்குத் திரும்பும். ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களுக்குத்தான் மவுசு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் சாதி மீனவர்கள் அங்கே சுத்து வலை கட்டும் உரிமையைக் குலுக்கல் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். இதுதான் பாடு. தன் முறை இல்லாத நாளில் நல்ல இடம் கண்முன் இருந்தும் ஒருவர் வலை கட்டாமல் போவது, வெளியாளுக்கு வீணாகத் தெரியும். நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் மாறி மாறி வருவதும், ஒருவர் வலைமேல் இன்னொருவர் வலை விழாததும் அந்த ஒதுங்கலால்தான். மீன்வளத்தைக் காக்கவே முன்னோர் இதை வகுத்தார்கள் என்று சிலர் சிலிர்த்துக்கொள்கிறார்கள். எனக்கு அது மிகையாகவே படுகிறது. சண்டையைத் தவிர்ப்பதே முதல் நோக்கம். வலைகள் ஓரிடத்தில் குவியாமல் இருப்பது கூடவே கிடைத்த பலன்.

ஏரி போன்ற பொதுச்சொத்து என்றாலே சூறையாடப்படும் என்று 1968-இல் சூழலியலாளர் கேரட் ஹார்டின் வாதிட்டார். அதற்கு மாறாக, அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரம் 1990-இல் வெளியிட்ட நூலில், துருக்கியின் அலான்யா மீனவர்கள் குலுக்கல் போட்டு இடம் பெற்று, பின் நாள்தோறும் அடுத்த இடத்துக்கு நகர்வதைக் காட்டினார். பழவேற்காட்டையும் அலான்யாவையும் இணைக்கும் வரலாறு எதுவும் கிடையாது. ஒரே வகைச் சிக்கலுக்கு இரண்டு ஊர்களும் தனித்தனியே ஒரே வகைத் தீர்வுக்கு வந்திருக்கின்றன என்பதே, இது வெறும் சடங்கல்ல என்பதற்குச் சான்று.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பாடு பிறப்பால் வரும் உரிமை. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. பழவேற்காட்டை ஆராய்ந்த சாரா கூல்தார்ட் 2008-இல் எழுதிய கட்டுரையும் சாதியோடு பின்னிய இந்த விலக்கைப் பேசுகிறது. இதை மழுப்புவதற்கில்லை. ஆனால் பாடு முறைக்குள் இரண்டு விதிகள் இருக்கின்றன: யார் உள்ளே வரலாம் என்பது ஒன்று, வந்தவர்கள் எப்படி முறை மாற்றிக்கொள்வது என்பது மற்றது. அநீதி இருப்பது முதல் விதியில். இரண்டும் ஒன்றென்று நினைத்து மொத்தத்தையும் நீக்கினால், நல்ல இடம் பெரிய வலையும் முதலும் வைத்திருப்பவர் கைக்குப் போகும். இருளர் அப்போதும் வெளியேதான் நிற்பார்கள். இரண்டையும் பிரிக்க முடியுமா என்று கேட்பவர்கள் கொச்சியை ஒட்டிய வைப்பின் தீவைப் பார்க்கலாம். அங்கே 1970-களின் இறுதியில், இறால் ஏற்றுமதியால் போட்டி முற்றியபோது, ஊன்றுவலை மீனவர்கள் சங்கங்களாகத் திரண்டு, குலுக்கலையும் முறைமாற்றத்தையும் தங்களுக்கென்று புதிதாக அமைத்துக்கொண்டார்கள். முறைமாற்றத்தைப் புதிதாகவும் அமைக்க முடியும் என்பதற்கு அது சான்று.