அழற்சியின்றி அழிக்கும் மான் நோய்

கால்நடையின் உடலில் கிருமி புகுந்தால், அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறும், தொட்டால் வலிக்கும். இதனை அழற்சி என்பர். இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் திரண்டு சென்று கிருமியை எதிர்ப்பதன் அடையாளமே அது. இத்தகைய அழற்சி தோன்றாமலே உயிரைக் குடிக்கும் நோய் ஒன்று மானினத்தில் உண்டு.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்க்கப்பட்ட மான்களிடம் 1967-ஆம் ஆண்டில் இந்நோய் முதன்முதலாகக் காணப்பட்டது. தீனி இருந்தும் மான்கள் மெலிந்தன, தலை தாழ்ந்து, காது தொங்கி, எச்சில் ஒழுக நின்றன, பின்னர் மடிந்தன. தீவனக் குறையோ, நஞ்சோ காரணமாகலாம் என்று பல ஆண்டுகள் கருதப்பட்டது.

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த எலிசபெத் வில்லியம்ஸ் அம்மையார், 1970-களின் இறுதியில், இறந்த மான்களின் மூளையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து ஆராய்ந்தார். மூளை கடற்பஞ்சு போலத் துளைபட்டிருந்தது; வெள்ளணுக்கள் திரண்ட சுவடு காணப்படவில்லை. செம்மறியாடுகளுக்கு வரும் ஸ்க்ரேபி என்னும் நோயிலும் இத்தகைய துளைகளே தோன்றும். மான் நோயும் அவ்வினத்தைச் சேர்ந்ததே என்பதை அம்மையார் சக விஞ்ஞானி ஒருவருடன் 1980-இல் கட்டுரையாக வெளியிட்டார்.

இந்நோய்க்குக் காரணம் பாக்டீரியாவும் அன்று, வைரஸும் அன்று. பிரியான் என்னும் உருத்திரிந்த புரதமே காரணமாகும். உடலில் இயல்பாக உள்ள புரதம் மடிப்பு மாறி, அடுத்துள்ள நல்ல புரதத்தையும் தன்னைப்போல் ஆக்கிவிடுகிறது. தன்னுடைய புரதமே ஆதலால், உடல் அதனைப் பகையென உணர்வதில்லை. வீட்டுக்காரனைக் கண்டு காவல் நாய் குரைக்காதது போன்றதே இது.

எச்சில், சாணம், சிறுநீர், சடலம் ஆகியவற்றால் நோய் பரவும். தொற்றிய பின் அறிகுறி தோன்ற ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நோய்ப்பொருள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் வீரியம் குன்றாதிருக்கும். இதனைத் தீர்க்கும் மருந்து இல்லை. 2016-இல் நார்வே நாட்டின் காட்டுக் கலைமான்களிடம் இது காணப்பட்டபோது, நோய் கண்ட பகுதியிலிருந்த சுமார் 2,000 கலைமான்களையும் அந்நாட்டு அரசாங்கம் கொல்ல நேர்ந்தது. மனிதருக்கு இந்நோய் தொற்றியதாகச் சான்று இல்லை. எனினும் நோயுற்ற மானின் இறைச்சியை உண்ணலாகாது என்று சுகாதார நிபுணர்கள் எச்சரிக்கின்றனர்.

விவசாயிகள் இதனால் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. காய்ச்சலும் வீக்கமும் இல்லையென்று, காரணமின்றி மெலியும் கால்நடையை அசட்டை செய்தல் கூடாது. அதனை மந்தையினின்றும் பிரித்து, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். இறந்த பிராணிகளை வெளியில் எறியாமல் ஆழப் புதைக்கச் செய்வது பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமையாகும்.