மாற்றுக் கட்சியும் வணங்கிய மனிதர்!

பொழிச்சலூரிலிருந்து பம்மல் வழியாகப் போனால் குரோம்பேட்டை. கொஞ்ச தூரந்தான். அங்குள்ள ஒரு வீட்டுக்கு 2021-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி முதல்-மந்திரி மு.க.ஸ்டாலின் போனார்.

அங்கே இருந்தவர் என்.சங்கரய்யா. அன்று அவருக்கு 99 வயது முடிந்து 100 பிறந்தது.

முதல்-மந்திரி தி.மு.க. தலைவர். பெரியவரோ மார்க்சிஸ்டு கம்யூனிஸ்டு. கட்சி வேறு; கொடி வேறு. ஆனாலும் முதல்-மந்திரி நேரில் போய் வாழ்த்தினார்!

ரூ.10 லட்சம்

அந்த ஆண்டுதான் "தகைசால் தமிழர்" விருதைத் தமிழக அரசு ஏற்படுத்தியது. முதல் விருது சங்கரய்யாவுக்கே கிடைத்தது. அதனுடன் ரூ.10 லட்சம்.

அந்தப் பணத்தை அவர் என்ன செய்தார்? கொரோனா நிவாரணத்துக்காக முதல்-மந்திரி நிதிக்கே கொடுத்துவிட்டார்!

பரீட்சைக்குப் பதில் ஜெயில்

1941-ம் ஆண்டு மதுரை அமெரிக்கன் கல்லூரியில் அவர் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பரீட்சை நெருங்கிய சமயம். சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிய அவரைப் போலீசார் கைது செய்தனர். படிப்பு அத்துடன் நின்றது.

வாழ்நாளில் மொத்தம் 8 ஆண்டு ஜெயிலில் இருந்தார். 1947 ஆகஸ்டு 14-ந் தேதி விடுதலையானார். மறுநாள் நாடே விடுதலை அடைந்தது!

1967, 1977, 1980 ஆகிய மூன்று தேர்தல்களில் மதுரை மக்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். 1995 முதல் 2002 வரை கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்தார். பதவியை விட்ட பிறகும் அவருக்கு மதிப்புக் குறையவில்லை.

கிடைக்காத பட்டம்

இழந்த பட்டத்துக்கு ஈடாக ஒரு பட்டம் வரும்போல இருந்தது. 2023-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்கு கவுரவ டாக்டர் பட்டம் கொடுக்கத் தீர்மானித்தது. வேந்தரான கவர்னர் ஆர்.என்.ரவி அதற்குச் சம்மதம் தரவில்லை. இதைக் கண்டித்து, உயர்கல்வி மந்திரி பொன்முடி நவம்பர் 2-ந் தேதி நடந்த பட்டமளிப்பு விழாவுக்குப் போகவில்லை. அவரும் தி.மு.க.காரர்தான்.

நவம்பர் 15-ந் தேதி, 101-வது வயதில் சங்கரய்யா காலமானார். பட்டம் வரவில்லை. ஆனால் அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. பல கட்சிகளின் தலைவர்களும் அஞ்சலி செலுத்தினார்கள்.

தேர்தல் வந்தால் தெருவில் வாய்ச்சண்டை போடுகிறோம். கொள்கைக்காக வாதாடலாம், தவறில்லை. ஆனால் எதிர்க்கொடி பிடித்தவரிடம் நல்ல குணம் இருந்தால், அதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். அதையும் அவர் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.