மருத்துவச் செலவும் சிகிச்சையின் பெறுமதியும்

ஒரு சிகிச்சைக்கு நாம் கொடுக்கும் விலையும், அச்சிகிச்சையினால் நாம் அடையும் பயனும் ஒன்றல்ல. இது எளிய உண்மையே. ஆயினும் நோயாளியின் கட்டிலருகே நிற்கும் குடும்பத்தாருக்கு இவ்விரண்டையும் பிரித்து நோக்கும் அவகாசம் வாய்ப்பதில்லை. கேட்கப்படும் தொகையைக் கொடுத்தாக வேண்டும். அதற்காக நகை அடகுக்குப் போகிறது, நிலம் கைமாறுகிறது. ஏனைய பண்டங்களினின்றும் மருத்துவம் வேறுபடுவது இவ்விடத்திலேதான். எப்போது வாங்க நேரும் என்பதை வாங்குபவர் அறியார்; வாங்குவது இன்னதென்பதையும் அறியார்; எவ்வளவு தேவை என்பதைத் தீர்மானிப்பவரும் விற்பவரே.

எனவே சிகிச்சையின் பெறுமதியைப் பற்றிப் பேசுமுன், அதற்கான பணம் எப்போது, யாரால் கட்டப்படுகிறது என்ற வினாவை எழுப்ப வேண்டியுள்ளது. இவ்வினாவுக்கு விடைகாணும் முயற்சியொன்று சென்னை தரமணியில் நிகழ்ந்தது. இன்று மென்பொருள் நிறுவனங்களால் பெரிதும் அறியப்படும் அப்பகுதியில், வி.எச்.எஸ். என மக்கள் வழங்கும் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் மருத்துவமனை அமைந்துள்ளது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் இவ்வமைப்பைத் தோற்றுவித்தார். அவர் வகுத்த மருத்துவ உதவித் திட்டத்தின் கரு மிகத் தெளிவானது: குடும்பம் நலமாயிருக்கும் காலத்திலேயே, தன் வருமானத்திற்கேற்ப, ஆண்டுதோறும் ஒரு சந்தாவைச் செலுத்த வேண்டும். வறியவரின் சந்தா பெயரளவிலானது. வசதியுள்ளவர் கூடுதலாகக் கொடுப்பார். உறுப்பினருக்கு ஆண்டுப் பரிசோதனை உண்டு. நோயுற்றால் வருமானப் படிநிலைக்கேற்ப இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ சிகிச்சை உண்டு.

தர்ம ஆஸ்பத்திரி என்னும் கருத்தினின்றும் இது வேறானது என்பதைக் கவனிக்க வேண்டும். இஸ்லாமிய நாகரிகம் தந்த பீமாரிஸ்தான்கள் வக்ஃபு வருவாயில் இயங்கின. ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனை, ஏழை, செல்வர், ஆண், பெண் என்ற பேதமின்றிக் கட்டணம் பெறாமல் மருத்துவம் செய்தது. அங்கே அறக்கொடையாளர் முன்கூட்டியே செலவை ஏற்றார். தரமணியிலோ பயன்பெறுவோரே முன்கூட்டிச் சிறுகச் சிறுகச் செலுத்தினர். வழிகள் வேறாயினும், நோய் வந்த நாளில் நோயாளியின் மடிசீலையைத் தடவிப் பார்க்கலாகாது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

தரமணித் திட்டத்திற்கு ஒரு பலவீனமும் இருந்தது. சேர்வது அவரவர் விருப்பம். ஆகவே நலமாயிருப்போர் சந்தாவைப் புதுப்பிக்க மறந்தனர். நோய் தலைகாட்டியபின் சேர வந்தோர் மிகுந்தனர். இவ்வாறு நோயாளர் மட்டுமே திரளும் நிதியம், உறுப்பினர் சந்தாவால் மாத்திரம் நிலைத்து நிற்க இயலாது. காப்பீட்டுத் துறையினர் நன்கறிந்த இடர்ப்பாடு இது. விருப்பச் சந்தாவை மட்டும் நம்பிய எத்திட்டமும் இதற்குத் தப்புவது அரிது என்றே நாம் கருதுகிறோம். நல்லெண்ணத்தின் குறைவன்று, கணக்கின் இயல்பு.

இனிப் பெறுமதிக்கு வருவோம். அதிகச் செலவு அதிகப் பயனைத் தரும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியுள்ளது. அதனைச் சோதித்த ஆய்வும் இதே நகரில், சேத்துப்பட்டில், நடைபெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடி 1956இல் அங்கே காசநோய் ஆய்வு மையமொன்றை அமைத்தன. காசநோயாளர் சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஓய்வும், தூய காற்றும், ஊட்டமிக்க உணவும் பெற வேண்டும் என்பதே அக்கால மருத்துவ மரபு. மையத்தார் 193 நோயாளரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மறுபிரிவினர் நெருக்கடியான தம் வீடுகளிலிருந்தபடியும் ஒரே மருந்துகளை ஓராண்டு உட்கொண்டனர். ஓராண்டின் முடிவில் நோய் அடங்கியோர் சானடோரியத்தில் 92 விழுக்காடு. வீட்டில் 86 விழுக்காடு. வீட்டிலிருந்தோர் உண்ட உணவு தரத்தில் குறைந்தது. அவர்களுள் பலர் முழு ஓய்வும் பெறவில்லை. அவர்களால் குடும்பத்தினருக்குத் தொற்று மிகவுமில்லை என்பது தொடர் ஆய்வில் புலப்பட்டது. 1959இல் வெளியான இம்முடிவுகள், உலகெங்கும் காசநோய் மருத்துவத்தைச் சானடோரியக் கட்டிலிலிருந்து வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தன. குணமாக்கியது மருந்தே, பெருஞ்செலவை விழுங்கியதோ கட்டில்.

விலை வேறு, பெறுமதி வேறு என்பதற்கு மற்றொரு சான்று எச்.ஐ.வி. மருந்துகள். டாக்டர் சுனிதி சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் எச்.ஐ.வி. நோயாளருக்கு மருத்துவம் செய்ததும் இதே வி.எச்.எஸ். வளாகத்திலேதான். ஓர் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேற்பட்ட விலையில் மேலை நாடுகளில் விற்ற முக்கூட்டு மருந்தை, 2001இல் சிப்லா நிறுவனம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. மருந்தின் ஆற்றல் அணுவளவும் மாறவில்லை. அதுவரை மாண்டுபோன நோயாளருக்கும் அம்மருந்துக்கும் இடையே நின்றது விலைச்சீட்டு ஒன்றே.

சிகிச்சையின் பெறுமதியை எண்ணால் அளக்கும் முறைகளும் இன்றுள்ளன. இங்கிலாந்தில் 1999 முதல் நைஸ் என்னும் அமைப்பு, கூடுதலாகக் கிடைக்கும் நலமான ஓர் ஆண்டு வாழ்வுக்கு ஆகும் செலவைக் கணித்துப் பரிந்துரை வழங்குகிறது. அண்மைக் காலத்தில் இந்தியாவும் இத்தகைய மதிப்பீட்டைத் தொடங்கியுள்ளது. இது பயனுள்ளதே. எனினும், அந்த ஓர் ஆண்டு வாழ்வைப் பெற்ற குடும்பம் கடனில் மூழ்கியதா என்பதை வழக்கமான கணக்கு சொல்லாது. நலத்தைத் தந்து வீட்டைப் பறிக்கும் சிகிச்சையை முழுப் பெறுமதியுடையது என நாம் எவ்வாறு கூற இயலும்?

தேசிய சுகாதாரக் கணக்கின்படி, இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலுத்திய பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடாக இருந்து, 2021-22இல் 39.4 விழுக்காடாகக் குறைந்துள்ளது. இக்குறைவு உண்மையில் இல்லங்களில் உணரப்படுகின்றதா என்பது விவாதத்திற்குரியது. தமிழகத்தில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. சந்தாவை அரசே செலுத்துவதால், நலமுள்ளோர் விலகிவிடும் பழைய இடர் இங்கில்லை. ஆனால் இவை பெரும்பாலும் அறுவை முதலிய உள்நோயாளர் சிகிச்சைகளுக்கே உரியவை. சர்க்கரை நோயாளி நாள்தோறும் விழுங்கும் மாத்திரை இவற்றுள் அடங்குவதில்லை. சிறுநீரகம் பழுதான பின் செய்யும் டயாலிசிஸ் அடங்கும்.

இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புபவை வேறு இரண்டு. 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மூலப்பெயரில் மொத்தமாக வாங்கித் தரம் சோதித்து அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பெண் தன்னார்வலர், இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலிலேயே சேர்க்கின்றனர். சிற்றூர்தோறும் சிறு சுகாதார மையம் அமைத்து, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளரை வீடுவீடாகச் செல்லவைத்த சஞ்சீவியின் ஏற்பாட்டை அறிந்தோருக்கு இக்காட்சி புதிதன்று.