கம்ப்யூட்டர் வேலை என்றால் எந்த வேலை?

“பிள்ளையைக் கம்ப்யூட்டர் படிக்க வைக்கப் போகிறோம்.” பெங்களூரில் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் பல வீடுகளில் இந்தப் பேச்சு உண்டு. கடன் வாங்கிப் பணம் கட்டுபவர்களும் உண்டு. ஆனால் கம்ப்யூட்டர் வேலை என்பது ஒரே வேலை அல்ல. அதில் பல வேலைகள் இருக்கின்றன.

கர்நாடகத்தில் நடந்த ஒரு காரியத்தைப் பார்ப்போம்.

இங்கே நிலத்துக்குப் ‘பஹணி’ உண்டு. தமிழ்நாட்டில் சிட்டா, அடங்கல் மாதிரி. நிலம் யாருடையது, எவ்வளவு, என்ன பயிர் என்று அதில் இருக்கும். முன்பு கிராமக் கணக்கர் இதைக் கையால் எழுதி வைத்திருந்தார். நகல் வேண்டுமானால் அவரைத் தேடி அலைய வேண்டும். லஞ்சம் கொடுக்க வேண்டி வந்ததும் உண்டு.

அரசு ‘பூமி’ என்று ஒரு திட்டம் போட்டது. சுமார் 2 கோடி பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. அவை 67 லட்சம் விவசாயிகளின் பதிவுகள். 2002-ஆம் ஆண்டு வாக்கில், தாலுகா அலுவலகத்தில் 15 ரூபாய் கட்டினால் நகல் கிடைத்தது.

இதற்கு எத்தனை விதமான ஆட்கள் வேண்டும்?

பழைய பதிவைப் பார்த்து எழுத்து எழுத்தாகத் தட்ட ஆள் வேண்டும். இதை ‘டேட்டா என்ட்ரி’ என்பார்கள். சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் எல்லாப் பதிவையும் ஏற்றி முடித்ததும் அந்த வேலையும் முடிந்தது. சுலபமாகக் கிடைக்கும் வேலை இது. சீக்கிரம் போய்விடும் வேலையும் இதுதான்.

மிஷின் நின்றுபோனால் பழுது பார்க்க ஆள் வேண்டும். கை வேலையில் விருப்பம் உள்ளவர்களுக்கு இது நல்லது. சொந்தக் கடையும் போடலாம்.

அடுத்தது புரோகிராம். கம்ப்யூட்டருக்கு நாம் இடும் கட்டளைகள்தான் புரோகிராம். முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று சமையல் குறிப்பு மாதிரி எழுத வேண்டும். ‘பூமி’க்கு இதை எழுதியவர்கள் மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையத்தார். எழுதியதில் பிழை தேடுவது தனி வேலை. அதற்கு ‘டெஸ்டிங்’ என்று பெயர். பொறுமை வேண்டும்.

பதிவுகளைக் காப்பதும் ஒரு வேலை. தவறான கை பட்டால் ஒருவர் நிலம் இன்னொருவர் பெயருக்குப் போய்விடும் அல்லவா? அதனால் ‘பூமி’யில் ஊழியரின் விரல் ரேகை பொருந்தினால்தான் கம்ப்யூட்டரில் வேலை செய்ய முடியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், மக்களுக்கு என்ன தேவை என்று கேட்டுத் திட்டம் போடுபவர் வேண்டும். அவர் ‘சிஸ்டம் அனலிஸ்ட்’. கணக்கும் தெரிய வேண்டும், மனிதர்களிடம் பேசவும் தெரிய வேண்டும். எளிதில் கிடைக்காத ஆள்!

புரோகிராம் எழுதுபவர்களும் படிப்பை நிறுத்த முடியாது. பழைய கம்ப்யூட்டர்களில் ஆண்டுக்கு இரண்டு எண்தான் இருந்தது. 99 என்றால் 1999. 2000 பிறந்தால் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். இதைத் திருத்தும் வேலை பெங்களூருக்கு நிறைய வந்தது. 2000 பிறந்த பிறகு அந்த வேலை இல்லை. புதிதாகக் கற்றவர்கள் வேறு வேலைக்கு மாறினார்கள். இப்போது சிறு புரோகிராம்களைக் கம்ப்யூட்டரே எழுதித் தருகிறது.

பத்தாவது முடித்தவர்கள் ஐ.டி.ஐ.யில் ஓர் ஆண்டு கம்ப்யூட்டர் பயிற்சி பெறலாம். பாலிடெக்னிக் டிப்ளமோ 3 ஆண்டுகள். பன்னிரண்டாவது முடித்தால் பி.சி.ஏ. 3 ஆண்டுகள், பி.இ. 4 ஆண்டுகள். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு. கையில் பணம் குறைவாக உள்ள வீட்டுக்கு இது நல்ல வழி. நடுவில் வேலைக்கும் போகலாம்.

தனியார் பயிற்சி நிலையத்தில் சேருவதானால் முதலில் கேட்க வேண்டியவை: இந்தப் படிப்பு எந்த வேலைக்கு? சான்றிதழ் தருவது யார்? அதை அரசு ஏற்குமா? கட்டும் பணத்துக்கு ரசீது உண்டா? போன ஆண்டு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களில் இரண்டு பேரையாவது நேரில் பார்த்துப் பேசிவிட்டுப் பணம் கட்டலாம்.