வளர்ப்பில் தோன்றாத கிருமி: மூளைச்சவ்வழற்சியில் ஸ்ட்ரெப்டோகாக்கசை மூலக்கூறு முறையில் இனங்காணல்

காவிரிப் படுகையில் ‘மூளைக்காய்ச்சல்’ என்னும் ஒரே சொல் இருவேறு நோய்களுக்கு வழங்குகிறது. ஒன்று, நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள் பரப்பும் ஜப்பானிய மூளையழற்சி. இது வைரசால் வருவது. மற்றொன்று, மூளையைச் சூழ்ந்த சவ்வுகளைப் பாக்டீரியா தாக்குவதால் விளையும் மூளைச்சவ்வழற்சி. பின்னதற்கு ஆன்டிபயாடிக் உண்டு. முன்னதற்குக் குறிப்பிட்ட மருந்தே இல்லை. எனவே, கிருமியின் பெயரை அறிதல் இன்றியமையாததாகிறது.

பாக்டீரியாவகை நோயில் முதன்மையானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே. (பச்சிளங்குழந்தைகளில் ‘பி’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கசையும் கருத வேண்டும்.) வேதாரண்யத்தில் காய்ச்சல் கண்ட குழந்தைக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடையுமுன்னரே ஆன்டிபயாடிக் ஊசி போடப்பட்டிருக்கலாம். அது உயிர்காக்கும் செயல், குறைகூற இயலாது. ஆயினும், சில மணி நேரத்திலேயே தண்டுவட நீரிலுள்ள கிருமி மடிவதால் வளர்ப்புச் சோதனையில் எதுவும் முளைப்பதில்லை. இக்கிருமியிடம் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும் நொதியொன்றும் உண்டு. பென்சிலின் பட்டதும் அது கிருமியின் அழிவை விரைவுபடுத்துகிறது. அந்நொதிக்குரிய ‘லைட்ஏ’ மரபணுவே பாலிமரேஸ் தொடர்வினைச் சோதனையில் (பி.சி.ஆர்.) கிருமியைக் காட்டிக்கொடுப்பது சுவையான முரண். கிருமி மடிந்தாலும் அதன் டி.என்.ஏ. சில காலம் எஞ்சி நிற்கிறது.

எம்மரபணுவைத் தேடுவது என்பதில்தான் சிக்கல் உள்ளது. வாயில் இயல்பாக வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைடிஸ், நிமோனியேவின் நெருங்கிய உறவினம். இரண்டின் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. மரபணு வரிசையும் 99 விழுக்காட்டிற்கும் மேல் ஒத்திருக்கும். நிமோலைசின் நச்சுக்குரிய மரபணுவை மைடிசின் சில திரிபுகளும் கொண்டுள்ளமையால், அதனை மட்டும் நம்பினால் பொய்யான முடிவு கிட்டலாம். ‘லைட்ஏ’ ஒப்பீட்டளவில் நம்பகமானது.

இந்தியாவில் 6 மருத்துவமனைகள் 1993–1997இல் நடத்திய ஆய்வில் 5798 நோயாளிகளுள் 314 பேரிடம் நிமோனியே தொற்று உறுதியானது; 1, 6 ஆகிய சீரோவகைகள் மிகுந்திருந்தன. வளர்ப்பை அடிப்படையாகக் கொண்ட இத்தகைய கணக்கில், மருந்து முந்திக்கொண்ட நோயாளிகள் விடுபட வாய்ப்புண்டு. 2021இல் தமிழகத்தின் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் நிமோகாக்கல் தடுப்பூசி சேர்ந்தபின் இவ்விடுபாடு கூடுதல் பொருள் பெறுகிறது. தடுப்பூசி சில சீரோவகைகளுக்கு எதிராக மட்டுமே அமைந்தது. பிற வகைகள் அவ்விடத்தைப் பிடிக்கின்றனவா என்பதை, கிருமியின் மேலுறைக்குரிய மரபணுக்களைத் தண்டுவட நீரிலிருந்தே படித்தறியலாம். ஆனால், எம்மருந்து எவ்வளவு செறிவில் கிருமியைக் கொல்லும் என்று அளக்க உயிருள்ள கிருமியே வேண்டும். ஆகையால், வளர்ப்புத்தட்டை ஒதுக்கிவிட்டு பி.சி.ஆர். ஒன்றையே நாடுவது ஏற்புடையதன்று. ஒரே மாதிரியிலிருந்து இரு சோதனைகளுக்கும் பங்கிடுவதே தக்கது.